ஓர் உளிக்கு எத்தனை கல்?

உளியின் கூர் என்பது இரண்டு பரப்புகள் வந்து சேரும் கோடு. ஒன்று உளியின் தட்டையான முதுகு, மற்றொன்று சாணையில் சரித்து எடுத்த முகம். இரண்டும் நடுவில் அகலமே இல்லாமல் சேர்ந்தால் அது கூர். சேரும் இடம் தேய்ந்து உருண்டு போனால் மழுங்கல். மழுங்கலைக் கண்ணாலேயே பார்க்கலாம். உளியின் முனை மேலே வரும்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்த்தால், மழுங்கிய முனை வெள்ளைக் கோடாக மின்னும். நல்ல கூரில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இல்லாததால் அந்தக் கோடு தெரியாது. கோடு இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் புள்ளியாக மின்னினால், உளி எப்போதோ ஆணியில் பட்டு அங்கே பல் விழுந்திருக்கிறது.

தீட்டுவது என்றால் அந்த உருண்ட பகுதி மறையும்வரை இரண்டு பரப்புகளையும் தேய்ப்பதுதான். கல்லில் இருக்கும் ஒவ்வொரு மணியும் எஃகின் மேல் ஒரு கீறலைப் போடுகிறது. கீறல்கள் முனைக்கோட்டில் போய் முடியும் இடங்களில் சிறு பற்கள் உண்டாகின்றன. கரடான கல்லில் தீட்டிய முனையை உருப்பெருக்கியில் பார்த்தால் ரம்பம் மாதிரி தெரிவது இதனால்தான். இந்தப் பற்கள் மெலிந்தவை. மரத்தில் நாலு தட்டுத் தட்டியதும் ஒடிந்துவிடும், முனை மறுபடி உருளும். கரட்டில் எஃகைக் கழித்து, நைசான கல்லில் கீறலின் ஆழத்தைக் குறைத்துக்கொண்டே போவதற்குக் காரணம் பளபளப்பு அல்ல. பளபளப்பு அதன் கூடவே வருவது, அவ்வளவுதான்.

எஃகைக் கீற வேண்டுமானால் எஃகைவிடக் கடினமான பொருள் வேண்டும். கனிமங்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, குருந்தம் 9, சிலிக்கான் கார்பைடு 9-க்கும் 10-க்கும் இடையில், வைரம் 10. பதம் போட்ட எஃகு குவார்ட்ஸை ஒட்டி நிற்கும். மனிதன் நெடுங்காலம் பயன்படுத்திய இயற்கைக் கற்களில் பெரும்பாலானவை குவார்ட்ஸ் வகையைச் சேர்ந்தவை. அதனால் அவை மெதுவாகத்தான் தேய்க்கும், ஆனால் மென்மையாகத் தேய்க்கும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரையொட்டிய மலைகளில் வெட்டி எடுக்கும் நோவாகுலைட் கல் ஏறத்தாழ முழுவதும் நுண்ணிய குவார்ட்ஸ்தான். அதில் மணியின் அளவைவிட, மணிகள் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருக்கின்றன என்பதைப் பார்த்தே தரம் பிரிக்கிறார்கள். நெருக்கம் குறைந்தது வாஷிட்டா, அடுத்து மென்கல், வன்கல், கடைசியாகக் கறுப்பும் ஒளி ஊடுருவும் வகையும். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிறக் கோட்டிக்யூல் கல்லில் தேய்ப்பவை நுண்ணிய கார்னெட் மணிகள். சவரக்கத்தி தீட்டுவோர் அதை இன்றும் விரும்பி வாங்குகிறார்கள். ஜப்பானில் கியோட்டோவை ஒட்டிய மலைகளில் நாகயாமா, நாருதாகி போன்ற சுரங்கங்களிலிருந்து வந்த கற்கள் வாள் தீட்டுவோருக்கும் தச்சர்களுக்கும் பெயர்பெற்றவை. அச்சுரங்கங்களில் பல மூடப்பட்டுவிட்டதால், நல்ல கல் ஒன்றின் விலை இப்போது ஒரு பெட்டி நிறைய உளிகளின் விலையைத் தாண்டும்.

குருந்தம் தமிழ்நாட்டிலேயே கிடைக்கும் கனிமம். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி வட்டாரப் பாறைகளில் அது இருக்கிறது. குருந்தத்தைப் பொடித்து, உருக்கிய அரக்கில் குழைத்து, சக்கரமாக வார்த்துச் சாணை பிடிப்பது இந்தியக் கைத்தொழிலாளர்களின் பழைய முறை. இரத்தினக் கல் தீட்டுவோரும் ஆயுதம் தீட்டுவோரும் அதைப் பயன்படுத்தினார்கள். தேய்க்கும் மணி ஒன்று, அதைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஒன்று. இன்றைய செயற்கைக் கல்லும் சாணைச் சக்கரமும் இதே அமைப்புதான். மாறியது மணியும் பசையும் மட்டுமே.

மணி மாறியது 1891-ல். அமெரிக்காவில் எட்வர்டு அச்சசன் என்பவர் செயற்கை வைரம் செய்யும் எண்ணத்தில் களிமண்ணையும் நிலக்கரிக் கோக்கையும் கலந்து அதன் ஊடே வலுவான மின்சாரத்தைப் பாய்ச்சினார். வைரம் வரவில்லை. கார்பன் கம்பியைச் சுற்றிப் பளபளக்கும் சிறு படிகங்கள் படிந்திருந்தன. அவை சிலிக்கான் கார்பைடு. அதற்குக் கார்போரண்டம் என்று அவர் பெயர் வைத்து, 1893-ல் காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் பாக்சைட்டை மின் உலையில் உருக்கிச் செயற்கைக் குருந்தமும், அதாவது அலுமினியம் ஆக்சைடும், செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1954-ல் சென்னையில் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களுடன் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டு ஹார்டுவேர் கடையில் ‘சாணைக்கல்’ என்று கேட்டால் எடுத்து வைப்பது, ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் நைசுமாக ஒட்டிய கார்போரண்டம் கல்லைத்தான்.

கல்லின் குணத்தை மணி பாதி முடிவு செய்கிறது, பசை மீதியை முடிவு செய்கிறது. பசை இறுக்கமாக இருந்தால் மணிகள் உதிராது. கல் வெகுநாள் தட்டையாக இருக்கும். ஆனால் மேல் மணிகள் மழுங்கியபின் தேய்க்கும் வேகம் குறைந்துவிடும். எண்ணெய்க்கல் இந்த வகை. பசை இளக்கமாக இருந்தால் மழுங்கிய மணிகள் உதிர்ந்து, கீழிருந்து புது மணிகள் தலைகாட்டும். உதிர்ந்தவை தண்ணீரோடு குழம்பாகி அதுவும் சேர்ந்து தேய்க்கும். ஜப்பானிய நீர்க்கற்களின் வேகம் இப்படி வருவது. அந்த வேகத்துக்கு விலை உண்டு. நடுவில் அடிக்கடி தேய்த்தால் கல் சீக்கிரமே குழிந்துவிடும், சில நேரம் ஒரே நாளில்.

எண்ணெய்க்கல்லுக்கு எண்ணெய் ஊற்றுவது வழுக்கலுக்காக என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மையில் அதன் வேலை, தேய்ந்த எஃகுத் தூளை மிதக்கவைத்து, கல்லின் துளைகளில் அடைத்துக்கொள்ளாமல் காப்பது. ஆகவே எண்ணெய் மெலிதாக இருக்க வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் போதும், கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் இன்னும் நல்லது. நல்லெண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் காற்றுப்பட்டால் பிசினாகும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் கல்லின் மேலேயே உறையும். ஒருமுறை எண்ணெய் ஊறிய கல்லைப் பிறகு தண்ணீருக்கு மாற்ற முடியாது. கார்போரண்டம் கல்லை வாங்கும்போதே தண்ணீரா எண்ணெயா என்று முடிவு செய்துவிடுவது நல்லது. நீர்க்கற்களிலும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஊறப்போடக் கூடாது. நுண்துளைகள் கொண்ட பழைய வகைக் கற்கள், கிங் கற்களைப் போன்றவை, தண்ணீரில் போட்டுக் குமிழி வருவது நிற்கும்வரை ஊற வேண்டும். ஷாப்டன் போன்ற இறுகிய கற்களுக்குத் தெளித்தால் போதும், ஊறவிட்டால் கெட்டுப்போகும்.

மூன்றாவது வகை வைரத் தகடு. எஃகுத் தகட்டின் மேல் வைரத் துகள்களை நிக்கல் முலாமால் பிடித்து வைத்தது. குழியாது, எந்த எஃகையும் தேய்க்கும், தண்ணீர் தெளித்தால் போதும். வனேடியம் அதிகம் சேர்த்த இன்றைய கலப்பு எஃகுகளுக்கு இது ஏறக்குறையக் கட்டாயம். வனேடியம் கார்பைடு அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது என்பதால், சாதாரணக் கல் அந்த மணிகளைச் சுற்றியுள்ள எஃகை மட்டும் தேய்த்துவிட்டுப் போகும். வைரத் தகட்டுக்கு எதிரி கைப்பலம். அழுத்தித் தேய்த்தால் துகள்கள் முலாமோடு பிய்ந்து போகும். உளியின் எடையோடு விரல் எடை சேர்ந்தால் போதும்.

நான்காவது, கல்லே இல்லாத வழி. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரைத் தண்ணீரால் ஒட்டவைத்துத் தேய்ப்பது. தொடக்கச் செலவு மிகக் குறைவு, கண்ணாடி எப்போதும் தட்டை, மணியின் அளவை வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். தாள் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால், தினமும் தீட்டுகிறவருக்கு ஓராண்டில் தாள் செலவே கல் விலையைத் தாண்டிவிடும். எப்போதாவது உளி பிடிக்கிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இதில் உளியை இழுக்கத்தான் வேண்டும். தள்ளினால் முனை தாளைக் கிழித்துவிடும்.

இனி எண்கள். கிரிட் எண் சல்லடையிலிருந்து வந்தது. ஓர் அங்குலத்தில் எத்தனை கண்கள் உள்ள சல்லடையில் மணி விழுந்தது என்பதே பழைய கணக்கு. எண் கூடக்கூட மணி சிறிதாகும். 220-க்கு மேல் சல்லடை உதவாது. அந்தத் தூளை நீரில் கலக்கி, எவ்வளவு நேரத்தில் அடியில் படிகிறது என்று பார்த்து அளவு பிரிக்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில்தான் நாடுகள் ஆளுக்கொரு அளவுகோலை வைத்துக்கொண்டன. ஜப்பானியத் தர அளவில் 1000 என்றால் மணியின் சராசரி அளவு சுமார் 11.5 மைக்ரான். பழைய ஜப்பானிய அளவுப்படி 15-ஐ ஒட்டி வரும். ஐரோப்பாவில் உப்புத்தாளுக்கான பி வரிசையில் பி1000 என்றால் 18 மைக்ரான். அதே ஐரோப்பாவில் கற்களுக்கும் சக்கரங்களுக்குமான எஃப் வரிசையில் எஃப்1000 வெறும் 4.5 மைக்ரான். மூன்றிலும் அச்சடித்திருப்பது ஒரே ஆயிரம். ஒன்றுக்கொன்று நாலு மடங்கு வரை வித்தியாசம். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

வைரத் தகடுகளில் குழப்பம் இன்னொரு வகை. டிஎம்டி நிறுவனத்தின் தகடுகளில் நிறமே அடையாளம். கறுப்பு 60 மைக்ரான், நீலம் 45, சிவப்பு 25, பச்சை 9. சிவப்பை 600 என்றும் பச்சையை 1200 என்றும் குறிக்கிறார்கள். 1200 என்ற எண்ணைப் பார்த்து ஜப்பானிய 1200 கல்லைப் போல் இருக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. வைரத் துகள் உருளாமல் நிமிர்ந்து நின்று கீறுவதால், அதே மைக்ரான் நீர்க்கல்லைவிட ஆழமான கோடு விழும். கடையில் கல் வாங்கும்போது எண்ணைவிட மைக்ரானைக் கேட்பதே பாதுகாப்பு. மைக்ரானைச் சொல்லாத கல்லின் எண்ணை, அதே நிறுவனத்தின் மற்றக் கற்களோடு மட்டும்தான் ஒப்பிடலாம். மலிவாக விற்கும் ‘10000 கிரிட்’ கற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானிய அளவுப்படி 220-ஐ ஒட்டியவை 60 மைக்ரானுக்கு அருகில், 400 சுமார் 30, 2000 ஏழுக்குச் சற்றுக் கீழே, 4000 மூன்று, 6000 இரண்டு, 8000 ஒன்றுக்குச் சற்று மேலே. எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்குத் தாவலாம் என்ற கேள்விக்கு இந்த வரிசையிலிருந்தே விடை எடுக்கலாம். அடுத்த கல்லின் வேலை, முந்தைய கல் போட்ட கீறலின் அடிவரை பரப்பு முழுவதையும் இறக்குவது. மணி பாதி அளவானால் அந்த வேலை சீக்கிரம் முடியும். நாலில் ஒரு பங்கானால் நேரம் பிடிக்கும், ஆனாலும் முடியும். 220-லிருந்து நேரே 6000-க்குப் போனால் மேடுகள் மட்டும் மினுங்கும், பள்ளங்கள் அப்படியே கிடக்கும். பார்வைக்குப் பளபளக்கும் உளி மரத்தில் இறங்காமல் போவதற்கு இது முதல் காரணம்.

ஆனால் தாவலின் அளவை மணி மட்டும் முடிவு செய்வதில்லை. எவ்வளவு பரப்பைத் தேய்க்க வேண்டும் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. 25 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள உளியை எடுத்துக்கொள்ளலாம். அதை 25 பாகைச் சரிவில் சாணை பிடித்தால் சரிவின் நீளம் கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர், பரப்பு 300 சதுர மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சரிவு முழுவதையும் மினுக்க வேண்டுமென்றால் படிகள் நிறைய வேண்டும், பொறுமை அதைவிட நிறைய வேண்டும். அதே உளியை 30 பாகைக்குச் சற்றே தூக்கி, முனையோரத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் இரண்டாவது சரிவு எடுத்தால், தேய்க்க வேண்டியது வெறும் 25 சதுர மில்லிமீட்டர். பன்னிரண்டில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய பரப்பில் 1000-லிருந்து நேரே 6000-க்குத் தாவினாலும் பத்துப் பதினைந்து இழுப்பில் கீறல் போய்விடும். கல் வரிசையை நீட்டிக்கொண்டே போகிற பலருக்குத் தேவைப்படுவது இன்னொரு கல் அல்ல, இந்த இரண்டாவது சரிவு.

சரிவைக் கையாலேயே மாறாமல் பிடிப்பது பழக்கத்தில் வருவது. பழகும்வரை உளியைப் பிடித்துக்கொண்டு உருளும் சிறு கருவி ஒன்று விற்கிறது. பக்கவாட்டில் இறுக்கும் எளிய வகையில், உளி கருவிக்கு முன்னே 30 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் 30 பாகை, 40 மில்லிமீட்டர் நீட்டினால் 25 பாகை. இழைப்புளி அலகுக்கு அதே பாகைகள் 38-லும் 50-லும் வரும். இந்த நீளங்களைப் பலகையில் அளந்து ஒரு கட்டை அடித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டாம்.

புது உளியில் முதலில் கவனிக்க வேண்டியது சரிவை அல்ல, முதுகை. கூரில் பாதி அங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலைச் சாணையின் கோடுகள் முதுகில் தெளிவாகத் தெரியும். அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் முனையில் ஒரு பல். முதுகு முழுவதையும் கண்ணாடியாக்க வேண்டியதில்லை. முனையை ஒட்டி விரலகலம் தட்டையானால் போதும். 400-ல் தொடங்கி, 1000, 6000 என்று எல்லாக் கல்லிலும் முதுகைத் தட்டையாக வைத்துத் தேய்க்க வேண்டும். உளியின் வாழ்நாளில் ஒரு தடவைதான் இந்த வேலை. அதன்பிறகு முதுகு நைசான கல்லை மட்டுமே தொட வேண்டும், கரட்டுக் கல்லில் மறுபடி வைக்கவே கூடாது. ஜப்பானிய உளிகளின் முதுகில் நடுவே குழித்து விட்டிருப்பதும் தட்டையாக்கும் பரப்பைக் குறைக்கத்தான். அவற்றின் எஃகு மிகக் கடினமானது என்பதால் அந்தச் சலுகை தேவைப்படுகிறது.

பிறகு சரிவு. மார்க்கர் பேனாவால் முனையோரம் மை பூசிவிட்டு 1000 கல்லில் நாலைந்து முறை இழுத்துப் பார்த்தால், மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் படுகிறது. முனையை ஒட்டி மை மிச்சமிருந்தால் கையைச் சற்று உயர்த்த வேண்டும். சரியான இடத்தில் பட ஆரம்பித்ததும், எஃகு முனையைத் தாண்டி முதுகுப் பக்கமாக மெல்லிய மடிப்பாக எழும். இதுதான் பிசிறு. முதுகின் மேல் கட்டை விரலை வைத்து முனைக்கு வெளியே இழுத்தால் விரல் நுனியில் சொரசொரவென்று தட்டும். முனையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பிசிறு தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டாத இடத்தில் மழுங்கல் இன்னும் போகவில்லை. முழு அகலத்துக்கும் பிசிறு எழுந்த நிமிடமே கரட்டுக் கல்லின் வேலை முடிந்தது. அதற்குமேல் தேய்ப்பது உளியின் ஆயுளைத் தேய்ப்பதுதான். பிசிறு எழாமலே அடுத்த கல்லுக்குப் போனால், நைசான கல்லில் எத்தனை நேரம் தேய்த்தாலும் மழுங்கிய முனை மினுமினுப்பான மழுங்கலாக மாறுமே தவிர கூராகாது. தீட்டுவதில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஓர் இடத்தில் நடப்பவை.

கல் மாற்றும்போது உளியையும் கையையும் கழுவ வேண்டும். ஒட்டிக்கொண்டு வந்த ஒரேயொரு கரட்டு மணி 6000 கல்லில் பத்து நிமிட உழைப்பைக் கெடுக்கும். இழுக்கும் திசையையும் சற்று மாற்றினால் நல்லது. முந்தைய கீறல் ஒரு சாய்விலும் புதியது வேறொரு சாய்விலும் இருந்தால், பழையது போயிற்றா என்று கண்ணுக்குத் தெரியும். 6000-ல் சரிவைப் பத்து இழுப்பு, முதுகைத் தட்டையாக வைத்து இரண்டு இழுப்பு என்று மாறி மாறிச் செய்தால் பிசிறு சிறுத்துக்கொண்டே போகும். கடைசி மிச்சத்தைத் தோல் எடுத்துவிடும். பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தைப் பலகையில் ஒட்டி, குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சைப் பசையைத் தடவினால் போதும். அதன் மணி அரை மைக்ரானைச் சுற்றி இருக்கும். தோலில் உளியைப் பின்னோக்கி மட்டும் இழுக்க வேண்டும். ஐந்தாறு இழுப்புக்கு மேல் போனால் தோல் குழைந்து முனையை உருட்டிவிடும்.

எங்கே தொடங்குவது என்பது முனையின் நிலையைப் பொறுத்தது. பல் விழுந்த உளி என்றால் கரட்டுக் கல்லோ வைரத் தகடோ மோட்டார் சாணையோ வேண்டும். வேலைக்கு நடுவே சற்று இறக்கம் குறைந்த உளிக்கு 1000 கூட வேண்டாம், நைசான கல்லில் சில இழுப்பும் தோலும் போதும். மோட்டார் சாணையில் ஒரு எச்சரிக்கை. கார்பன் எஃகு உளிக்குப் பதம் 200 பாகை செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில்தான் போட்டிருக்கிறார்கள். முனை வைக்கோல் நிறம் காட்டினாலே சூடு அதைத் தாண்டிவிட்டது. நீலம் ஏறினால் 300 பாகையை எட்டிவிட்டது, அந்த இடத்துப் பதம் போய்விட்டது. நீலத்தை மேலே தேய்த்து எடுத்தாலும் உள்ளே எஃகு இளகியே இருக்கும், அவ்வளவு தூரத்தையும் கழித்துத்தான் ஆக வேண்டும். விரலால் தொட முடியாத சூடு வருமுன் தண்ணீரில் தோய்ப்பது, முனையின் மெலிந்த பகுதிவரை சாணையைக் கொண்டுபோகாமல் அந்தக் கடைசிப் பகுதியைக் கல்லுக்கு விடுவது, இரண்டும் தேவை. தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் வீட்டுக் கத்தியைக் கொடுக்கலாம். நல்ல உளியைக் கொடுக்கும் தச்சர் அரிது.

எங்கே நிறுத்துவது என்பதை வேலை சொல்லும். கொட்டாப்புளியால் அடித்துத் துளை போடும் உளிக்கு 1000 போதும். சரிவு மட்டும் 30 அல்லது 35 பாகைக்குத் தடிமனாக இருக்க வேண்டும். கையால் தள்ளிச் சீவும் உளிக்கும், கடைசி இழைப்புக்கு வைத்திருக்கும் இழைப்புளிக்கும் 6000 அல்லது 8000 வரை போவதில் பயன் உண்டு. குறுக்கு நாரை வெட்டும்போது அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும்: மழுங்கலான உளி நாரை நசுக்கி வெளுக்க வைக்கும், நைசான கூர் வெட்டிய முகத்தை மெழுகு பூசியதுபோல் விடும். தேக்கில் மட்டும் கணக்கு மாறுகிறது. தேக்கு மரத்தில் சிலிக்கா கலந்திருக்கிறது, எந்தக் கூரையும் அது சீக்கிரம் தின்றுவிடும். நாள் முழுவதும் தேக்கில் வேலை செய்பவர் 8000-க்குப் போய் நேரம் செலவழிப்பதைவிட, அடிக்கடி 1000-லும் தோலிலும் ஒரு நிமிடம் செலவழிப்பதே லாபம்.

மரவேலையை விட்டு வெளியே வந்தால் நைசான கல்லின் மதிப்பு இன்னும் குறைகிறது. புல்லையும் நாரையும் இழுத்து அறுக்கும் அரிவாளுக்குச் சிறு பற்கள் இருப்பதே நல்லது. கார்போரண்டம் கல்லின் நைசான பக்கத்தோடு நிறுத்திவிடலாம். கோடாரிக்கும் அதுவே. வீட்டுச் சமையல் கத்திகளில் பெரும்பாலானவை சற்று இளகிய துருப்பிடிக்காத எஃகு. அவற்றை ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகையில் 1000 கல்லில் தீட்டினால் போதும். தக்காளித் தோலில் கத்தி வழுக்காமல் கடிப்பது அந்த மிச்சமிருக்கும் பற்களால்தான், 8000-ல் மினுக்கினால் அதுவும் போய்விடும். வளைந்த செதுக்குளிகளுக்குத் தட்டைக்கல் சரியில்லை. அவற்றின் உள்வளைவுக்கு ஓரம் உருண்ட சிறு கல்துண்டு தனியே வேண்டும். ரம்பத்துக்குக் கல்லே கிடையாது, முக்கோண அரம்தான்.

கல்லைத் தட்டையாக வைத்திருப்பது கல் வாங்குவதற்குச் சமமான விஷயம். குழிந்த கல்லில் உளியின் முதுகை வைத்தால் முதுகு முட்டையாகும், இழைப்புளி அலகின் முனை வளையும். பென்சிலால் கல்லின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுவிட்டு, கரட்டு வைரத் தகட்டிலோ கண்ணாடி மேல் ஒட்டிய 220 வாட்டர் பேப்பரிலோ தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். கோடு நடுவில் மட்டும் மிச்சமிருந்தால் அங்கே குழி. எல்லாக் கோடும் மறைந்தால் தட்டை. நீர்க்கல்லை ஒவ்வொரு நாள் வேலைக்கு முன்பும், கார்போரண்டம் கல்லைச் சில மாதங்களுக்கு ஒரு முறையும் இப்படிப் பார்த்தால் போதும். பட்டறைகளில் பழைய கார்போரண்டம் கற்கள் படகு மாதிரி குழிந்து கிடப்பதைப் பார்க்கலாம். அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சிமெண்டுத் தரையில் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால் அரை மணி நேரத்தில் வழிக்கு வரும்.

முதன்முறையாக வாங்குகிறவருக்குத் தேவையானவை இவ்வளவுதான்: ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 உள்ள நீர்க்கல் ஒன்று, பல் விழுந்த முனைக்கும் அந்தக் கல்லைத் தட்டையாக்கவும் 45 அல்லது 60 மைக்ரான் வைரத் தகடு ஒன்று, பச்சைப் பசை தடவிய தோல் ஒரு துண்டு. பணம் குறைவென்றால் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல்லோடு, கண்ணாடித் துண்டும் 1000, 2000 வாட்டர் பேப்பரும், தோலும் சேர்த்துக்கொள்ளலாம். அதிலும் மரத்தில் சுருள் சுருளாக இழைக்கும் கூர் வரும், நேரம் மட்டும் கொஞ்சம் கூடும். 3000, 8000, 12000 என்று நடுவிலும் மேலுமாக வரும் கற்களை அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு அவை தேவைப்படுவதில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல எஃகில் இன்னோர் உளி வாங்கலாம்.